எந்தக் கோப்பு, எந்த வரி, யாருடையது: திறமூல நிரல் வழக்குகளில் நிரூபிக்கும் பொறுப்பு

தன்னுடைய சொத்தான யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரலை ஐபிஎம், மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் (திறமூல) லினக்ஸ் இயங்குதளத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்று எஸ்சிஓ நிறுவனம் 2003 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வழக்குப் போட்டது. முதலில் கேட்ட இழப்பீடு 100 கோடி டாலர். பிறகு அது 300 கோடி, 500 கோடி என்று ஏறியது. 2021-இல் எல்லாம் ஓய்ந்தபோது, எப்போதோ திவாலாகிவிட்ட எஸ்சிஓவின் கணக்குகளை முடித்துக்கொண்டிருந்த பொறுப்பாளருக்கு ஐபிஎம் கொடுத்தது 1.425 கோடி டாலர். வழக்கு இப்படித் தேய்ந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் அடிப்படையில் ஒன்றுதான்: திருடு போனது எந்தக் கோப்பில் எந்த வரி என்று கேட்டால் எஸ்சிஓவிடம் பதில் இல்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வந்தது இன்னொரு வழக்கு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எழுதியவர்களில் ஒருவரான கிறிஸ்டோஃப் ஹெல்விக், தன் நிரலை விஎம்வேர் நிறுவனம் மூடிய மென்பொருளுக்குள் பயன்படுத்திவிட்டு மூலநிரலைத் தர மறுக்கிறது என்று 2015-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குப் போனார். அவரும் தோற்றார். எஸ்சிஓ விழுந்த அதே குழியில்தான் விழுந்தார். திறமூலத்தில் எல்லாம் வெட்டவெளிச்சம், இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று நிரல் எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். நீதிமன்றம் கேட்பது அதைவிடப் பல மடங்கு நுணுக்கமானது.

வாதி நிரூபிக்க வேண்டியவை இரண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஃபைஸ்ட் வழக்கில் சொன்னது: செல்லுபடியாகும் பதிப்புரிமை தன்னிடம் இருக்கிறது, அந்தப் படைப்பின் சொந்தச் சிந்தனையில் பிறந்த பகுதிகளைப் பிரதிவாதி நகலெடுத்திருக்கிறார். குற்றவியல் வழக்குபோல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. தராசு வாதி பக்கம் ஒரு இம்மி சாய்ந்தால் போதும். ஆனால் மென்பொருள் என்று வரும்போது இந்த இரண்டும் ஐந்தாகப் பிரிகின்றன. இந்த வரிகளை எழுதியது யார்? எழுதியவரிடமே உரிமை இருக்கிறதா, அவர் வேலை பார்த்த நிறுவனத்திடம் இருக்கிறதா? இந்த வரிகளுக்குப் பாதுகாப்புக் கிடைக்குமா? பிரதிவாதியின் பொருளுக்குள் இவை இருக்கின்றனவா? இருந்தால் இங்கிருந்துதான் போயினவா? ஐந்தில் ஒன்று விட்டுப்போனாலும் வழக்கு நிற்காது.

எஸ்சிஓ முதலில் சறுக்கியது ஐந்தாவது கேள்வியில். 2003 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் தன் கூட்டாளி நிறுவனங்களைக் கூட்டி, திரையில் சில நிரல் துண்டுகளைக் காட்டியது. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று சில பகுதிகளைக் கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றியிருந்தார்கள். எழுத்துருவை மாற்றினால் அது ரகசியக் குறியீடு ஆகிவிடாது. படமெடுத்து வெளியிட்ட சில நாட்களிலேயே திறமூல உலகம் அதைப் படித்துவிட்டது. ஒரு துண்டு, நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிறு செயற்கூறு. அது 1970களின் யூனிக்ஸில் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் தாராளமான பிஎஸ்டி வகை உரிமத்தில் 2002 ஜனவரியில் வெளியிட்டதே கால்டெரா, அதாவது எஸ்சிஓவின் முந்தைய அவதாரம். இன்னொரு துண்டின் மூலம் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்த வலைப்பொதி வடிகட்டி (வலையில் வரும் தரவுத் துண்டுகளைப் பிரித்தெடுப்பது). யூனிக்ஸுக்குள்ளும் அது வெளியிலிருந்து வந்த சரக்குதான்.

இரண்டு நிரல்கள் ஒன்றுபோல இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று ஆகாது. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது மூலம் இருக்கலாம். யூனிக்ஸ் குடும்பத்தில் இது சாதாரணம். பெர்க்லி பல்கலைக்கழகம், பாடப்புத்தகங்கள், தரநிலை ஆவணங்கள் என்று எல்லா வாய்க்காலிலிருந்தும் எல்லாருக்கும் நிரல் பாய்ந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இதே யூனிக்ஸை வைத்து அப்போது அதன் உரிமையாளராக இருந்த யூஎஸ்எல் நிறுவனம், பெர்க்லி வழிவந்த இயங்குதளத்தை விற்ற பிஎஸ்டிஐ நிறுவனத்தின் மீது போட்ட வழக்கிலும் இதுதான் நடந்தது. பதிப்புரிமைக் குறிப்பே போடாமல் 32வி என்ற பழைய யூனிக்ஸ் பதிப்பை வெளியே விட்டிருந்ததால் அதன் மீதான உரிமையே சந்தேகம் என்று சொல்லி, 1993-இல் நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். 1994-இல் சமரசம் ஏற்பட்டபோது, பெர்க்லி வெளியீட்டின் ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று.

மூன்றாவது கேள்வியான பாதுகாப்புத் தகுதியில் வடிகட்டல் என்ற படி குறுக்கே நிற்கிறது. கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் - ஆல்டாய் வழக்கில் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த முறை இது: நிரலை அடுக்கடுக்காகப் பிரி, பாதுகாப்புக்கு உட்படாதவற்றை எல்லாம் கழித்துவிடு, மிச்சத்தை மட்டும் ஒப்பிடு. வேறு வழியில் எழுதவே முடியாதவை, வன்பொருளோ தரநிலையோ கட்டளையிடுபவை, பொதுவெளியில் ஏற்கெனவே இருப்பவை எல்லாம் கழிவில் போய்விடும். எஸ்சிஓ 2003 டிசம்பரில் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களில் 65 லினக்ஸ் தலைப்புக் கோப்புகளை (மற்றக் கோப்புகள் பயன்படுத்தும் பொது வரையறைகள் கொண்டவை) பட்டியலிட்டது. அதில் பிழை எண்களைக் கொண்ட கோப்பும் உண்டு: ‘அனுமதியில்லை’ என்பதற்கு 1, ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்பதற்கு 2 என்று வரிசையாகப் போகும். யூனிக்ஸோடு ஒத்துப்போக வேண்டிய எந்த இயங்குதளமும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதியாக வேண்டும். கழித்துப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கும்? போதாக்குறைக்கு, அந்தப் பட்டியலிலுள்ள சில கோப்புகளைத் தானே எழுதியதாக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அடையாளம் காட்டினார்.

இத்தனைக்கும் நடுவே நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். எதை மீறல் என்கிறீர்களோ அதைத் துல்லியமாகக் குறிப்பிடுங்கள் என்று நடுவர் நிலை நீதிபதி ப்ரூக் வெல்ஸ் 2003 டிசம்பரிலேயே உத்தரவிட்டார். வெளியே அவ்வளவு பேசிய எஸ்சிஓ, பதிப்புரிமை மீறலுக்குத் தகுதியான சாட்சியம் எதையும் முன்வைக்காதது வியப்பளிக்கிறது என்று 2005 பிப்ரவரியில் நீதிபதி டேல் கிம்பால் எழுதினார். அப்போதும் வழக்கைத் தள்ளவில்லை, ஆதாரம் திரட்டும் கட்டம் முடியட்டும் என்று விட்டுவைத்தார். 2005 இறுதியில் எஸ்சிஓ கொடுத்த கடைசிப் பட்டியலில் 294 உருப்படிகள் இருந்தன. ஐபிஎம் ஆட்சேபித்தவற்றில் பெரும்பாலானவற்றை 2006 ஜூனில் வெல்ஸ் அடித்துப்போட்டார். பதிப்பு எண், கோப்பு, வரி என்ற மூன்றும் இல்லாமல், பல உருப்படிகள் வெறும் ‘முறைகள், கருத்துகள்’ என்ற அளவில் நின்றன. முறைக்கு வரி எண் எப்படித் தருவது என்று எஸ்சிஓ வாதிட்டது. எடுபடவில்லை. கடையிலிருந்து வெளியே வரும் ஒருவரைத் திருடன் என்று நிறுத்திவைத்து, எதைத் திருடினார் என்று சொல்லாமல், கடையின் முழுச் சரக்குப் பட்டியலையும் கையில் கொடுத்து ‘இதற்குள் எங்கேயோ இருக்கிறது, நீயே கண்டுபிடி’ என்பதுபோல இருக்கிறது இது என்று அந்த உத்தரவிலேயே வெல்ஸ் எழுதினார்.

ஐபிஎம்மே கருத்தரித்து எழுதிய நிரல்கூட யூனிக்ஸ் உரிம ஒப்பந்தப்படி தன் கட்டுப்பாட்டில் வரும் என்ற எஸ்சிஓவின் கோட்பாடு இதில் புதைந்திருந்தது. அது பதிப்புரிமை வாதமே அல்ல, ஒப்பந்த வாதம். இரண்டையும் கலந்து பேசியதால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மலையளவு திருட்டு நடந்ததுபோல் தோன்றியது.

இனி உரிமை யாரிடம் என்ற கேள்வி. எஸ்சிஓவின் கால் உடைந்தது இங்கேதான். யூனிக்ஸை முன்பு வைத்திருந்த நோவெல் நிறுவனம் அந்த வணிகத்தை 1995-இல் விற்ற ஒப்பந்தத்தில், விற்பனையில் சேராத சொத்துகளின் பட்டியலில் பதிப்புரிமைகளும் இருந்தன. 1996-இல் வந்த திருத்தம் அதை மாற்றியதா என்பதே சண்டை. அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்து வேண்டும், கையெழுத்து வேண்டும். உரிமை நோவெலிடமே என்று 2007 ஆகஸ்டில் கிம்பால் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே எஸ்சிஓ திவால் பாதுகாப்புக் கேட்டது. மேல்முறையீட்டில் அது ஜூரியின் முன் போனது. 2010 மார்ச்சில் ஜூரியும் நோவெல் பக்கமே நின்றது. ஏழு ஆண்டுகள் நிரல் வரிகளைப் பற்றிச் சண்டை போட்ட பிறகு, அந்த வரிகளுக்குச் சொந்தக்காரரே வேறு என்று ஆயிற்று. வக்கீல் கடிதம் எழுதுவதற்கு முன்பே உரிமைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் காகிதத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

ஹாம்பர்க்கில் என்ன நடந்தது

ஹெல்விக் வழக்கில் உரிமைச் சங்கிலி இவ்வளவு சிக்கலில்லை. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளில் ‘விஎம்கர்னல்’ என்ற மூடிய மையமும், லினக்ஸ் இயக்கிகளை (வன்பொருளை இயக்கும் நிரல்களை) அதோடு இணைக்கும் ‘விஎம்கே-லினக்ஸ்’ என்ற இடையடுக்கும் இருந்தன. இடையடுக்கின் மூலநிரலை விஎம்வேர் வெளியிட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே படைப்புதான், எனவே மையத்தின் மூலநிரலையும், லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் உரிமப்படி (அதன்கீழ் வந்த நிரலைச் சேர்த்து உருவாக்கியதைப் பரப்பினால் மூலநிரலையும் தரச் சொல்வது) தர வேண்டும் என்பது வாதம். திறமூல உலகம் பல ஆண்டுகளாக விடைதேடும் கேள்வி அது. நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை.

2016 ஜூலையில் வழக்கு தள்ளுபடியானது. லினக்ஸ் போன்ற பெரிய நிரலில் ஏற்கெனவே இருந்ததை மாற்றியமைத்த ஒருவர், எது முன்பிருந்தது, தான் எதை மாற்றினார், அந்த மாற்றம் ஏன் தனியே பாதுகாப்புக்குத் தகுதியானது, அது பிரதிவாதியின் பொருளில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எந்த மாற்றத்தை யார், எப்போது செய்தார் என்று பதியும் கிட் களஞ்சியம் பொதுவில் இருக்கிறது, அதில் எல்லாம் தெரியும் என்பது போதாது. களஞ்சியத்தைத் துழாவி வாதியின் வழக்கைக் கட்டித்தருவது நீதிபதியின் வேலை அல்ல. 2019 பிப்ரவரியில் மேல் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஹெல்விக் அதற்கு மேலே போகவில்லை. விஎம்வேரும் பிற்பாடு, 2020-இல் வந்த 7-ஆம் பதிப்பில், அந்த இடையடுக்கையே எடுத்துவிட்டது.

சிக்கலான நிரல் என்றால் அதில் தனித்துவம் இருப்பதாக முதலில் ஊகித்துக்கொள்ளலாம், சாதாரணமானது என்று காட்டுவது பிரதிவாதியின் பொறுப்பு என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லியிருக்கிறது. படைப்பின் மேல் பெயர் போட்டிருப்பவரே ஆசிரியர் என்ற சட்ட ஊகமும் அங்கே உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் பத்துப் பத்து வரியாகத் திருத்திய நிரலில் இந்த இரண்டு ஊகமும் கை கொடுக்கவில்லை. தீர்ப்பு கறாரானதுதான், தனித்தனித் திருத்தங்களைத் தனித்தனிப் படைப்புகளாக வைத்து அளந்தால் கூட்டுழைப்பில் உருவாகும் எந்த மென்பொருளும் சட்டத்தின் பார்வையில் தூள் தூளாகிவிடும். அப்படியிருந்தும், வழக்குப் போடுகிறவர் இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஆதாரம் சேர்க்க வேண்டும்.

‘கிட் பிளேம்’ எங்கே ஏமாற்றும்

ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கிட் பிளேம் காட்டும். படைத்தவர் யார் என்று காட்டாது. உள்தள்ளலை மட்டும் சரிசெய்தவர், மாறியின் பெயரை மாற்றியவர், கோப்பை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியவர் எல்லாரும் அந்த வரியின் சொந்தக்காரர்போலத் தெரிவார்கள். இடைவெளி மாற்றங்களை ஒதுக்கவும், கோப்புகளுக்கு இடையே நகர்ந்த வரிகளைப் பின்தொடரவும் தெரிவுகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டு ஓட்டினால் முடிவு கணிசமாக மாறும். எதிர்த்தரப்பு நிபுணர் அதை ஓட்டிப் பார்ப்பார் என்பதால் நாம் முதலிலேயே ஓட்டிவிடுவது நல்லது.

லினக்ஸில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கர்னலின் கிட் வரலாறு 2005 ஏப்ரல் 16 அன்று, 2.6.12-இன் இரண்டாம் முன்வெளியீட்டில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரலாற்றை வேண்டுமென்றே கொண்டுவரவில்லை என்று முதல் பதிவிலேயே டோர்வால்ட்ஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன் எழுதப்பட்டு இன்றும் மாறாமல் இருக்கும் எந்த வரியைக் கேட்டாலும் பதில் அந்த ஒரே பதிவுதான். கிட்டுக்கு முன் பயன்பட்ட பிட்கீப்பர் என்ற கருவியின் காலத்து வரலாறு, 2002 முதல் 2005 வரையிலானது, தனிக் களஞ்சியமாகக் கிடைக்கிறது. அதற்கும் முன்னே போனால் வெளியீட்டுத் தொகுப்புகளும் அஞ்சல் குழுப் பதிவுகளும்தான் சாட்சி. அந்தக் காலத்தில் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய ‘ஒட்டு’ என்ற திருத்தத் துண்டைப் பராமரிப்பாளர் தன் பெயரிலேயே சேர்த்துவிடுவதும் உண்டு.

எஸ்சிஓ கிளப்பிய புழுதியால்தான் 2004 மே மாதம் கர்னலில் ‘கையொப்பமிட்டவர்’ வரி வந்தது. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று பங்களிப்பவர் உறுதிகூறி ஒவ்வொரு ஒட்டிலும் பெயரிட வேண்டும். வந்த வழியை அது காட்டும். ஆனால் உரிமை ஊழியரிடமா, அவருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்திடமா என்பதை அது தீர்க்காது. வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் வழக்குப் போடுவதென்றால் பதிவும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கப் படைப்புக்குப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு முடியாமல் வழக்கே தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதிசெய்தது. முதல் வெளியீட்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பதிந்திருந்தால் சான்றிதழே முதல்நோக்கு ஆதாரம். பொய் என்று காட்டும் பொறுப்பு எதிராளிக்குப் போய்விடும். மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும் திறமூலத் திட்டங்கள் பெரும்பாலும் பதிவதே இல்லை. சிறு சாதனங்களில் பயன்படும் பிஸிபாக்ஸ் என்ற திறமூலக் கருவித் தொகுப்பின் விஷயத்தில் பதிந்திருந்தார்கள். 14 நிறுவனங்கள் மீது 2009-இல் நியூயார்க்கில் போட்ட வழக்கில், வாதாடுவதைக் கைவிட்ட வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் மீது 90,000 டாலர் சட்ட இழப்பீடும் வக்கீல் செலவும் விதிக்கப்பட்டன. எதிர்ப்பில்லாமல் வந்த தீர்ப்பு என்பதால், ஆதாரம் எந்த அளவுக்குத் தாங்கும் என்று அங்கே சோதிக்கப்படவில்லை.

உரிமம் இருக்கிறது என்று யார் காட்டுவது

நகலெடுத்தது உறுதியானதும் சுமை கை மாறுகிறது. எனக்கு உரிமம் இருக்கிறது என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். திறமூலத்தில் இது பிரதிவாதிக்கு இக்கட்டு. ஜிபிஎல் செல்லாது என்று வாதாடினால், அப்படியானால் எந்த அனுமதியில் நகலெடுத்தாய் என்ற கேள்வி எழும். லினக்ஸில் வலைப்பொதிகளை வடிகட்டும் கூறான நெட்ஃபில்டர் தொடர்பாக, அதை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே சைட்காம் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் மியூனிக் நீதிமன்றம் 2004 மே மாதம் இதைத்தான் சொன்னது. அவர் ஜெயித்ததற்கும் ஹெல்விக் தோற்றதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கு நிரலின் அமைப்பில் இருக்கிறது: தனியே பெயர் சொல்லக்கூடிய, எல்லை தெரிகிற கூறு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடுவது, மையக் கர்னலெங்கும் சிதறிக்கிடக்கும் திருத்தங்களை வைத்து வழக்காடுவதைவிட எளிது.

அமெரிக்காவில் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமம் இருப்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, அதன் எல்லையைப் பற்றி மட்டும் சண்டை என்றால், எல்லை மீறப்பட்டதை வாதிதான் காட்ட வேண்டும். அப்போது உரிமத்தின் சொற்கள் நிபந்தனையா, வெறும் வாக்குறுதியா என்பது முக்கியமாகிறது. நிபந்தனை மீறினால் பதிப்புரிமை மீறல். வாக்குறுதி மீறினால் ஒப்பந்த மீறல் மட்டும். மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருள் பற்றிய ஜேகப்சன் - காட்சர் வழக்கில் 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மென்பொருளின் திறமூல உரிமமான ஆர்ட்டிஸ்டிக் உரிமத்தின் விதிகள் நிபந்தனைகளே என்றது. ஆனாலும் வழக்கு கீழே திரும்பியபோது, ஈடுசெய்ய முடியாத கேடு நேரும் என்பதற்கு ஆதாரம் இல்லையென்று இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. சட்டத்தில் வென்றவர் சாட்சியத்தில் நின்றுவிட்டார். 2010-இல் 1,00,000 டாலருக்குச் சமரசம்.

மூடிய பெட்டிக்குள்ளிருந்து ஆதாரம் எடுப்பது

பிரதிவாதியின் மூலநிரல் வாதிக்குத் தெரியாது. கையில் இருப்பது கணினிக்கு மட்டும் புரியும் இருமக் கோப்பு மட்டும். வழக்கமான வரிசை இப்படி. பொருளைச் சில்லறைக் கடையில் ரசீதோடு வாங்கி, வரிசை எண்ணையும் நிலைப்பொருளின் (சாதனத்துக்குள் பதிந்திருக்கும் மென்பொருளின்) பதிப்பையும் படமெடுக்க வேண்டும். நிறுவனத் தளத்திலிருந்து நிலைப்பொருளை இறக்கி, இறக்கிய நேரத்தோடு ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) குறித்து, அசலைத் தொடாமல் பிரதியில் வேலை செய்ய வேண்டும். பிரித்தெடுத்த கோப்புகளில் பிழைச் செய்திகளையும் பதிப்பு அறிவிப்புகளையும் செயற்கூறுப் பெயர்களையும் தேட வேண்டும். எழுத்துப் பிழையோடு கூடிய ஒரு பிழைச் செய்தி அப்படியே இருந்தால் அது நூறு சரியான வரிகளைவிட வலுவான சாட்சி. தற்செயலாக அதே பிழையை இன்னொருவர் செய்திருக்க மாட்டார். பிறகு சந்தேகப்படும் திறமூலப் பதிப்பை அதே வன்பொருளுக்குத் தொகுத்து ஒப்பிட வேண்டும்.

கோட்டைவிடும் இடம் பெரும்பாலும் பதிப்பு எண். பொருளில் இருப்பது பழைய பதிப்பு, ஒப்பிட்டது இன்றைய பதிப்பு என்றால், அந்த இடைவெளியில் வந்த மாற்றங்கள் எல்லாம் எதிராளிக்கு வாய்ப்பு. மூலநிரலை இருமமாக்கும் தொகுப்பி செயற்கூறுகளை உள்ளடக்கி உருமாற்றிவிடுவதும், ஒரே பெயர் கொண்ட கிளைத் திட்டத்திலிருந்து நிரல் வந்திருப்பதும் அடுத்தபடியாகக் காலை வாரும். ஓரளவு நிகழ்தகவைக் காட்டிவிட்டால் மூலநிரலை நடுநிலை நிபுணரிடம் காட்டச் சொல்லி ஜெர்மனியில் கேட்கலாம்; அமெரிக்காவில் விசாரணைக்கு முந்தைய ஆவணப் பரிமாற்றம் அந்த வேலையைச் செய்யும்.

பிரதிவாதியின் தரப்பில் மிக வலுவான சாட்சி, எழுதியபோதே வைத்த பதிவு. மேலே சொன்ன வழக்கில், ஆல்டாய் தன் ஆஸ்கர் நிரலின் 3.4 பதிப்பில் 30 சதவீதம் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸிடமிருந்து வந்த நகல் என்று தெரிந்ததும், அதில் சம்பந்தப்படாத எட்டு நிரலாளர்களைக் கொண்டு ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதவைத்தது. 3.4-க்கு 3,64,444 டாலர் கட்டியது, புதிய 3.5 மீறல் இல்லை என்று தீர்ந்தது.

இவ்வளவு சுமையும் பதிப்புரிமை வழியில் போனால்தான். மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பு அமைப்பு 2021 அக்டோபரில் கலிபோர்னியாவில் விசியோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் வேறு கதவைத் தட்டியது: தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கியவர் என்ற முறையில், ஜிபிஎல் ஒப்பந்தத்தின் பயனாளியாக மூலநிரலைக் கேட்டது. இது பதிப்புரிமை விவகாரம் என்று விசியோ கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இழுத்துப் பார்த்தது. 2022 மே மாதம் அது மாநில நீதிமன்றத்துக்கே திரும்பியது. இந்த வழியில் எந்த வரியை யார் எழுதினார் என்று காட்ட வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஜிபிஎல் நிரல் இருக்கிறது, கேட்டும் மூலநிரல் தரவில்லை, அதைக் கேட்கும் உரிமையை ஒப்பந்தம் வாங்கியவருக்குக் கொடுக்கிறது என்ற மூன்றைக் காட்டினால் போதும். சண்டை முழுவதும் அந்த மூன்றாவதன் மேல்தான்.